காரின் கடந்தகாலம் யாருக்குச் சொந்தம்?

ஆடி டிடி கூப்பே காரின் மூன்றாம் தலைமுறை 2015 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை 60 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது இன்னும் பல லட்சம் கூடிவிடும். அதே கார் இன்று பழைய கார் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலைக்கு நிற்கிறது. ஒரு நடுத்தர எஸ்யூவியைப் புதிதாக எடுக்கும் பணத்தில் 230 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை தரும் குவாட்ரோ, கடந்து போகிறவர்கள் நின்று பார்க்கும் உருவம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த இளைஞர்களுக்கு இதன் மேல் கண் போவது இயல்பு. நல்ல காருக்கு ஆசைப்படுகிறவரை ஊதாரி என்று ஏசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஒரு இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க விரும்புவது ஒரு ரசனை, அதை மதிக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காரின் விலைதான் மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது, அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. ஷாக் அப்சார்பர், ஹெட்லைட், கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி என்று எது பழுதானாலும் 60 லட்ச ரூபாய்க் காருக்குரிய விலையில்தான் வரும். டிடி முழுமையாக இறக்குமதியான கார். ஹங்கேரியின் ஜியோர் நகர ஆலையில் 1998 முதல் தயாராகிவந்த அந்த வரிசையின் கடைசிக் கார் 2023 நவம்பரில் வெளிவந்தது. இனிப் புதிது கிடையாது, இருப்பவற்றைப் பேணத்தான் வேண்டும். சிறிய ரகக் காரில் ஏமாந்தால் சில ஆயிரங்களோடு போகும். இங்கே ஏமாந்தால் வாங்கிய விலையில் பாதியை ஒர்க்‌ஷாப்பில் கொட்டிவிட்டு, விற்கவும் முடியாமல் நிற்க வேண்டிவரும்.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். கைபேசிக்கு வந்த பளபளப்பான ஒரு வீடியோ. ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்ற ஒரு வாக்கியம். பழைய கார் விற்கும் கன்சல்டிங் வாசலிலிருந்து தெருமுனை வரை ஒரு ஓட்டம். ‘இன்னொரு பார்ட்டி சாயந்திரம் வர்றாங்க’ என்ற அவசரம். அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடும். வீட்டுக்குப் பட்டுச்சேலை எடுக்கும்போதுகூட இதைவிட அதிக நேரம் செலவிடுகிறோம்.

வாங்குகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் பாதியை நான் ஏற்கிறேன். கவனமாகப் பார்க்கத் தெரிந்தால் கார் நிறையப் பேசும். ஆனால் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் காரைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாதவை சில உண்டு. அவை ஏட்டில் இருக்கின்றன. அந்த ஏடு நமக்குத் திறக்கப்படவில்லை என்பதுதான் என் குறை.

காலையில், ஆறிய என்ஜினோடு

பழைய காரைக் காலையில் பார்க்க வேண்டும். ‘நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தால், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்களா என்பது தெரிந்துவிடும். என்ஜினின் பல நோய்கள் முதல் ஸ்டார்ட்டின் சில நொடிகளில்தான் வெளியே வரும். தளர்ந்துபோன டைமிங் செயின், ஆயில் அழுத்தம் ஏறும்வரை கடகடவென்று அடிக்கும். சூடானதும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். மழைக்குப் பின்னோ, சாயங்கால மங்கலிலோ, ஷோரூம் விளக்குகளுக்குக் கீழோ பெயிண்ட்டைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. ஈரமான காரில் கீறலும் தெரியாது, நிற வேறுபாடும் தெரியாது.

சமீபத்தில் நண்பர் ஒருவருக்காக இப்படி ஒரு ஜெர்மன் கூப்பேயைப் பார்க்கப் போயிருந்தேன். 2016 மாடல். மீட்டர் 41,000 கி.மீ. காட்டியது. உள்ளே புதுக்கார் வாசனை. கூட வந்த மெக்கானிக் அந்த ரகக் கார்களிலேயே கை பழகியவர். அவர் பானட்டைத் திறக்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். பெல்ட்டின் அடியில் தைத்திருந்த சிறு துணிச் சீட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். “வண்டி 16 மாடல். பெல்ட்டு 19-ல செஞ்சது. இது எப்படி சார் உள்ள வந்துச்சு?”

பெல்ட்டை யாரும் ஆசைக்கு மாற்றுவதில்லை. பெரிய மோதலில் ஏர்பேக் வெடிக்கும்போது பெல்ட்டை இறுக்கும் கருவியும் சேர்ந்து வெடிக்கும். அதன் பிறகு பெல்ட்டை முழுதாக மாற்றியாக வேண்டும். அந்தத் துணிச்சீட்டு ஒரு விபத்தின் சாட்சி. பிறகு அவர் ஸ்டியரிங்கின் தோலைத் தடவினார், இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து மேட்டைப் பார்த்தார், பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். 41,000 கி.மீ. ஓடிய காரின் பெடல் ரப்பரில் வரிகள் மழுங்கியிருக்கக் கூடாது. ஸ்கேனரைச் செருகி ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியாகத் திறந்தார். கியர்பாக்ஸில் பழைய கோளாறு ஒன்று பதிவாகியிருந்தது. அது பதிவான தூரம் 86,000 கி.மீ.

மீட்டரைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டில் மட்டும் கை வைக்கிறார்கள். நவீன காரில் ஓடிய தூரம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கியர்பாக்ஸ், பிரேக், என்ஜின் கணினி என்று ஆங்காங்கே தடயம் விட்டிருக்கும். பிஎம்டபிள்யூ கார்களில் சாவிக்குள்ளேயே தூரம் பதிவாகும். டிடியின் மூன்றாம் தலைமுறையில் முள் வைத்த மீட்டரே கிடையாது, 12.3 அங்குலத் திரைதான். திரையில் வரும் எண்ணை மட்டும் நம்புவது எழுதியவரின் நாணயத்தை நம்புவதாகும்.

அந்தக் காரை விற்க வந்தவர் அதிர்ந்துபோய்விட்டார். “நான் வாங்கும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது உண்மை என்றே எனக்குப் பட்டது. அவர் மூன்றாவது உரிமையாளர். யாரோ ஒருவர் ஒருமுறை சொன்ன பொய்யை அவர் விலை கொடுத்து வாங்கியிருந்தார், அறியாமலே அதை எங்களுக்கு விற்க வந்திருந்தார். பழைய கார் சந்தையில் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்ல. ஒரு பொய் ஒருமுறை ஏறிவிட்டால் அதன் பிறகு யாரும் புதிதாகப் பொய் சொல்லத் தேவையில்லை என்பதுதான் அங்கே நிலவரம்.

காந்தம் ஒட்டாத கார்

நம் ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைக் காரின் உடலில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி வைத்துப் பூசியிருக்கிறது என்று பொருள். மாருதிக்கும் அம்பாசிடருக்கும் இது நல்ல சோதனை. மூன்றாம் தலைமுறை டிடியில் கதவு, பானட், ஃபெண்டர் உட்பட வெளித்தகடுகள் எல்லாம் அலுமினியம். காந்தம் எங்குமே ஒட்டாது. நல்ல காரைக் கெட்டது என்று தள்ளிவிடுவோம், அல்லது ஒட்டாததைக் கண்டு சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடுவோம். இங்கே அலுமினியத்திலும் வேலை செய்யும் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வேண்டும். ஆலையில் பூசிய பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அது மீண்டும் பூசப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது.

மீண்டும் பூசியிருப்பதே குற்றமல்ல. நம் ஊர்ச் சாலையில் கீறல் படாமல் பத்து வருடம் ஓடிய கார் எங்கே இருக்கிறது? பம்பரும் கதவும் பூசியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். தூண்கள், கூரை, முன்பக்கச் சட்டங்கள் ஆகியவற்றில் கை வைத்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அலுமினியச் சட்டத்தைச் சாதாரண டிங்கரிங் பட்டறையில் அடித்து நிமிர்த்த முடியாது. இரும்புத் தூள் படிந்த அதே கருவிகளால் அலுமினியத்தில் வேலை செய்தால், பிற்பாடு பெயிண்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். அதற்கென்று தனிக் கருவி, தனி இடம், தனிப் பயிற்சி வேண்டும். இந்த வசதி உள்ள பட்டறைகள் குறைவு. ஃபெண்டரை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பது எந்தக் கருவியும் இல்லாமல் யாரும் செய்யக்கூடிய சோதனை. ஸ்பேனர் பட்ட போல்ட் அதைக் காட்டிவிடும்.

கூப்பே என்பதால் கூடுதலாகப் பார்க்க வேண்டியவையும் உண்டு. இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் நீளமானது, கனமானது. கதவைப் பாதி திறந்து அதன் முனையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. அதனால் கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழிறங்கி, கதவை மூடியதும் மேலேறி ரப்பரில் அழுந்த வேண்டும். இறங்காவிட்டால் கண்ணாடி கூரை ரப்பரைக் கிழித்துக்கொண்டே இருக்கும். ஏறாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே வரும். கதவுக்குள் இருக்கும் சிறு மோட்டாரோ, சுவிட்சோ பழுதாகியிருக்கலாம், அல்லது விபத்தில் வளைந்த கதவைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம். பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்கி நகர்த்தும் அமைப்பையும் பலமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். சில மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ கூப்பேகளில் பெல்ட்டை எடுத்து நீட்டும் சின்னக் கை ஒன்று தோளருகே வரும். அது வராவிட்டால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

அடுத்து லிஃப்ட். காரை மேலே ஏற்றிக் கீழே நின்று பார்க்காமல் எந்தச் சொகுசு காரையும் வாங்கக் கூடாது. இதை நான் விதியாகவே சொல்வேன். கூப்பேக்கள் தாழ்வானவை. நம் ஊர் வேகத்தடைகளோ அரசு அளவுகோலுக்கும் அடங்காதவை. வயிற்றுப் பகுதி உரசிய தழும்புகள், நசுங்கிய அடித்தகடு, விரிசல் விட்ட பிளாஸ்டிக் கவசம், கசியும் ஷாக் அப்சார்பர், வளைந்த அலாய் வீலின் உட்புறம் எல்லாமே அங்கேதான் தெரியும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. நான்கு டயரும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு ஆண்டு என்றால் அந்த உரிமையாளர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். குவாட்ரோ போன்ற நான்கு சக்கர இழுவைக் காரில் டயர்களின் தேய்மானம் ஒரே அளவில் இல்லாவிட்டால் பின்பக்கக் கிளட்ச் அமைப்புக்கும் கேடு.

என்ஜினைப் பொறுத்தவரை ஒவ்வொரு காருக்கும் பிறவிக் குறை ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போவதுதான் பாதி வேலை. ஆடியின் முந்தைய தலைமுறை 2.0 லிட்டர் டர்போ என்ஜின்கள் ஆயில் குடிக்கும். 2009 முதல் 2011 வரையிலான ஏ4, ஏ5 கார்களுக்காக அமெரிக்காவில் கூட்டு வழக்கே நடந்து சமரசமானது. அடுத்த தலைமுறை என்ஜினில் தண்ணீர் பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் தாங்கும் பிளாஸ்டிக் பகுதி கசியும். கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மெர்சிடிஸின் பழைய எம்272 ஆறு சிலிண்டர் என்ஜினின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேய்ந்துபோகும். அந்தச் சிறிய பாகத்தை மாற்ற என்ஜினையே வெளியே இறக்க வேண்டும். போர்ஷே 911-ன் 996 வரிசையில் இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் என்ஜினே போய்விடும். இவையெல்லாம் உலகறிந்தவை. விற்பவரிடம் ‘இந்த வேலை செய்திருக்கிறீர்களா, பில் இருக்கிறதா’ என்று பெயர் சொல்லிக் கேட்டால், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

டிடியின் எஸ் டிரானிக் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் ஆயிலை 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமலும் கொஞ்ச காலம் ஓடும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். டெஸ்ட் டிரைவில் எல்லோரும் ஈசிஆரில் ஏறி மிதித்துப் பார்க்க விரும்புகிறார்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் குறை வேகத்தில் தெரியாது. அண்ணா சாலை நெரிசலில் பத்துப் பத்து அடியாக ஊர்ந்து போகும்போதுதான் அது நடுங்கும், இடிக்கும், தயங்கும். மேம்பாலச் சரிவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஏசி முழுவதும் ஓட, அரை மணி நேரமாவது நெரிசலில் ஓட்டாமல் டெஸ்ட் டிரைவ் என்று சொல்லக் கூடாது.

இத்தனையும் பார்க்க அரை நாள் ஆகும். மெக்கானிக்குக் கூலி, ஸ்கேன், லிஃப்ட் என்று சில ஆயிரம் செலவாகும். அந்தப் பணத்தை வாங்குகிறவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். விற்பவர் ஏற்பாடு செய்யும் மெக்கானிக் அவருடைய மெக்கானிக். டோக்கன் கொடுத்தால்தான் சோதனைக்கு விடுவேன் என்பவரிடம் சோதனைக்குப் போகவே வேண்டாம். எல்லாம் தேறினாலும், காரின் விலையில் நாலில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்த ரகக் காரை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

காகிதம் சொல்வதும் சொல்லாததும்

காகிதத்துக்கு வருவோம். சேஸிஸ் எண் 17 எழுத்து. விண்ட்ஷீல்டின் அடியிலும், காரின் உடலிலும், ஆர்சி-யிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹங்கேரியில் தயாரான டிடியின் எண் டி, ஆர், யு என்ற எழுத்துகளில் தொடங்கும். வங்கிக் கடன் இருந்ததா, அடைத்து ஹைப்பாதிகேஷன் நீக்கப்பட்டதா, அபராதம் பாக்கி உண்டா, எத்தனையாவது உரிமையாளர் என்பதையெல்லாம் எம்பரிவாகன் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இது நல்ல ஏற்பாடு, இதை அரசு செய்திருப்பதைப் பாராட்ட வேண்டும்.

பலரும் பார்க்காமல் விடுவது காப்பீட்டுப் பாலிசி. கிளைம் கேட்காத ஆண்டுகளுக்கு ஏற்ப நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஏழு வயதுக் காரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் சமீபத்தில் ஏதோ நடந்திருக்கலாம். போனஸ் உரிமையாளருக்குச் சொந்தமானது, காருக்கு அல்ல என்பதால் 50 சதவீதம் இருந்தாலே கார் சுத்தம் என்றாகிவிடாது. ஆனாலும் கேள்வி கேட்க அது ஒரு பிடி.

வெளிமாநில வண்டி என்றால் இன்னும் கவனம். டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் எதிரான உத்தரவுகளால் அங்கே பழைய சொகுசு கார்களின் விலை சரிந்து, அவை தெற்கே வருகின்றன. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே வசிக்காதவர்களும் போலி முகவரியில் சொகுசு கார்களைப் பதிந்த விவகாரம் 2017-ல் கேரளத்தில் வழக்குகளாக வெடித்தது. 2025 செப்டம்பரில், பூடான் வழியாகச் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட சொகுசு வாகனங்களைத் தேடி கேரளத்தில் சுங்கத் துறை சோதனை நடத்திப் பறிமுதல் செய்தது. இந்த மாதிரிக் காரை முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவரும் வண்டியை இழந்துவிட்டு அலைய வேண்டியதுதான்.

வெள்ளத்தை நாம் மறக்கவே கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் அடித்தள வாகன நிறுத்தங்களில் முழுகியவற்றில் சொகுசு கார்களும் உண்டு. பழுது நீக்கும் செலவு, காப்பீடு செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று கணக்கெழுதிப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். கார் ஏலத்தில் போகும். எடுத்தவர் காயவைத்து, இருக்கைத் துணியை மாற்றி, வாசனை அடித்து, வேறு ஊரில் விற்பார். அழிந்துபோன வண்டியை 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இப்படி உயிர்பெற்று வரும் கார்களின் ஆர்சி-யில் ‘இது ஒருமுறை டோட்டல் லாஸ் ஆனது’ என்று எங்கும் எழுதியிருக்காது. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் நுரைப்பஞ்சில் ஈரவாடை, பச்சை பூத்த வயர் இணைப்பு ஆகியவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாறு வருடம் கழிந்துவிட்டால் அந்தத் தடயங்களும் மங்கிவிடும். ஆனால் அந்த விவரம் இன்னமும் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் இருக்கும்.

என் வாதமே இதுதான். இந்தக் கார் எத்தனை கி.மீ.யில் சர்வீஸுக்கு வந்தது என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குத் தெரியும். எப்போது மோதியது, எவ்வளவு செலவானது என்று காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியும். யார் யாருக்கு விற்றார்கள் என்று ஆர்டிஓ-வுக்குத் தெரியும். பணத்தைக் கொட்டப் போகிறவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்து, ஏற்கெனவே மூன்று இடங்களில் எழுதிவைத்திருக்கும் உண்மையை போல்ட் தலையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்ற சான்று கட்டாயம். ஒர்க்‌ஷாப், டயர் கடை என்று யார் காரில் கை வைத்தாலும் அன்றைய மீட்டர் எண்ணைப் பொதுத் தரவகத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய காரை விற்பவர் அந்தச் சான்றை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் விற்பனையையே ரத்து செய்யக் கோரலாம். அங்கே மீட்டர் மோசடி ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பிரிட்டனில் மூன்று ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. வண்டி எண்ணைத் தட்டினால் ஒவ்வொரு ஆண்டும் மீட்டர் எவ்வளவு காட்டியது, எதில் தோற்றது என்பதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மீட்டரைத் திருத்துவதை அமெரிக்கா 1972-லேயே கூட்டரசுச் சட்டத்தால் தடுத்தது. ஜெர்மனி 2005-ல் அதைத் தனிக் குற்றமாக்கியது. நம்மிடம் மீட்டருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஏமாந்தவர் பொதுவான மோசடிப் பிரிவிலோ, நுகர்வோர் ஆணையத்திலோ போய் நிரூபித்துக்கொள்ள வேண்டும். யார் குறைத்தது, எப்போது குறைத்தது என்பதை மூன்றாவது உரிமையாளர் எப்படி நிரூபிப்பார்?

நம் அரசு இந்தத் துறையைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் கொண்டுவந்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறையான விதிகள், பழைய வாகன வியாபாரிகள் ஆர்டிஓ-விடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி அவர்கள் கையில் இருக்கும்வரை அவர்களே பொறுப்பு என்கின்றன. அதற்கு முந்தைய நிலை மோசம். விற்ற காரின் ஆர்சி தன் பெயரிலேயே இருந்தால், பின்னர் அந்தக் கார் ஏற்படுத்தும் விபத்துக்கு இழப்பீடு கொடுக்கப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்றவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் புதிய விதி உதவுகிறது. வாங்குபவருக்கு விபத்து வரலாற்றையும் ஓடிய தூரத்தையும் காட்டு என்று அது வியாபாரியைக் கட்டாயப்படுத்தவில்லை. வியாபாரி இந்தக் காரில் பெறும் லாபத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை அரசு வசூலிக்கிறது. வரி வாங்கும் விற்பனையில் உண்மை இருக்க வேண்டும் என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

தனியுரிமை பற்றி ஒரு மறுப்பு வரும். அது நியாயமானது. உரிமையாளரின் பெயரோ, முகவரியோ, கைபேசி எண்ணோ யாருக்கும் தேவையில்லை. கார் மோதியதா, முழுகியதா, எவ்வளவு ஓடியது என்பவை காரைப் பற்றிய செய்திகள். அவற்றை மறைத்து யாருடைய அந்தரங்கமும் காக்கப்படவில்லை. வியாபாரம் படுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நேர்மையாகக் கார் விற்கும் கன்சல்டிங்காரர்கள் இன்று, மீட்டர் குறைத்த காரின் விலையோடு போட்டி போட முடியாமல் திணறுகிறார்கள். ஏடு திறந்தால் முதலில் லாபமடைவது அவர்கள்தான்.

பெல்ஜியம் அளவுக்கு நாளையே போக வேண்டியதில்லை. தனியார் கார் பதிவான 15 ஆண்டுகளுக்குத் தகுதிச் சோதனை எதையும் சந்திப்பதில்லை. ஆனால் முதல் ஆண்டு கழிந்ததும் புகைச் சான்றுக்காக மையத்துக்குப் போக ஆரம்பித்துவிடுகிறது. அங்கே காரின் எண் தட்டைப் படம் எடுக்கிறார்கள், விவரம் அரசின் வாகன் தரவகத்துக்குப் போகிறது. எண் தட்டோடு மீட்டரையும் ஒரு படம் எடுத்து அந்த எண்ணையும் அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் டோட்டல் லாஸ் என்று பணம் கொடுத்த அன்றே ஆர்சி-யில் அந்தக் குறி ஏறட்டும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட விபத்துக் கிளைம்கள் நாளோடும் தொகையோடும் எம்பரிவாகனில் தெரியட்டும். மீட்டரைத் திருத்துவது குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு வரட்டும். செயலியும் தரவகமும் ஏற்கெனவே இருக்கின்றன. நாடாளுமன்றத்தின் திருத்தம் ஒன்றும், சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து வெளியிட வேண்டிய அறிவிக்கை ஒன்றும்தான் பாக்கி.